அடைக்கலமும் தொழிலும்

மைசூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதல் நாள் அரண்மனை, மாலையில் பிருந்தாவனம், மறுநாள் சாமுண்டி மலை. மூன்றாம் நாளும் அவர்கள் தங்கிவிட்டால் பைலகுப்பே. மேற்கே குடகுக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு. அங்குள்ள பொற்கோயிலில் வீற்றிருக்கும் பெரும் புத்தர் படிமங்களைக் கண்டு குழந்தைகள் வாய்பிளந்து நிற்பர். பெரியவர்கள் வாயிலில் உள்ள கடைகளில் விலை பேசுவர். நாமும் பலமுறை அவ்வாறே சென்று மீண்டிருக்கிறோம். அண்மையில் சென்றபோதோ, கோயிலைக் காட்டிலும் கோயிலுக்குப் போகும் வழியில் இருமருங்கும் விளைந்து நின்ற மக்காச்சோளமே நம் கருத்தை ஈர்த்தது. அதற்குக் காரணம், அப்பயணத்துக்குச் சில வாரங்கள் முன்னர் நம் இல்லத்துக்கு வண்ணம் பூச வந்த ஓர் இளைஞர். அவரைப் பற்றிச் சற்றுப் பொறுத்துச் சொல்வோம்.

1959-இல் தலாய் லாமா எல்லை கடந்து இந்தியாவுக்கு வந்தார். அவரைப் பின்தொடர்ந்து பல்லாயிரம் திபெத்தியர் வந்தனர். தொடக்கத்தில் அவர்களுட் பலர் இமயமலைச் சாரலில் சாலை போடும் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். பனிநாட்டு மக்களுக்குத் தென்னாட்டில் நிலம் தர முன்வந்தது அன்றைய மைசூர் அரசு. பெரியபட்டண வட்டத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் காட்டுநிலம் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. 1960-61-இல் முதல் குடியேற்றம் தோன்றியது. காட்டை வெட்டித் திருத்தியவர்கள் அகதிகளே. வெயிலும் நோயும் பலரைக் கொண்டுபோயின. யானைகள் வந்து பயிரை மிதித்தன. ஆயினும் அவர்கள் உழுதார்கள், கம்பளம் நெய்தார்கள், கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். குளிர்காலத்தில் நம் நகரங்களின் நடைபாதைகளில் கம்பளிச் சட்டை விற்கும் திபெத்தியப் பெண்களைக் காணாதார் யார்? பின்னர் 1969-இல் பைலகுப்பேயிலேயே இரண்டாவது குடியிருப்பும், 1970-களில் ஹுணசூருக்கு அருகிலும் கொள்ளேகாலத்துக்கு அப்பாலும் வேறு குடியிருப்புகளும் எழுந்தன. குறை இல்லாமல் இல்லை. நிலம் அவர்களுக்குச் சொந்தம் ஆகவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அந்நிலம் போதவில்லை. இளைஞர் பலர் மேலைநாடுகளுக்குப் போய்விட்டனர். ஆயின் வந்த நாள்தொட்டு அவர்கள் உழைக்கலாம் என்பதில் எவரும் ஐயுறவில்லை. மைய அரசு 2014-இல் வகுத்த திபெத்திய மறுவாழ்வுக் கொள்கையும், தகுதிக்கேற்ற தொழிலை அவர்கள் மேற்கொள்ளலாம் என்று எழுத்திலேயே இடம் தந்தது.

இனி மைசூரிலிருந்து தெற்கே போகும் சாலைக்கு வருவோம். சாமராசநகரைக் கடந்து, திம்பம் மலைவழியே இறங்கினால் சத்தியமங்கலம். அதற்கும் அப்பால் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர் நாம் மேலே குறித்த இளைஞர். நம் இல்லத்தில் ஒரு திருமணம். அதை முன்னிட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூச ஒப்பந்தக்காரர் ஒருவரை அமர்த்தினோம். அவர் அழைத்து வந்த ஐவருள் ஒருவர் பேசும் தமிழில் மட்டும் ஒரு தனி ஓசை இருந்தது. பட்டி பார்த்த சுவரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே, மணமக்களின் அழைப்பிதழில் இருந்த ஓர் ஆங்கிலப் பிழையை அவர்தாம் நமக்குச் சுட்டிக் காட்டினார். வியந்து வினவினோம். வணிகவியலில் பட்டம் பெற்றவர். பெற்றோர் 1990-இல் மன்னார்ப் பகுதியிலிருந்து படகில் வந்தவர்கள். படிப்பை முடித்து வேலை தேடிப் போன இடங்களில் எல்லாம் மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்ந்தவர்கள், குடியுரிமைச் சான்று கேட்டபோது கையை விரித்துவிட்டார்களாம். ஒன்பது ஆண்டுகளாகத் தூரிகை பிடிக்கிறார். "படிச்சது வீண் இல்லை ஐயா, கணக்கு எழுத உதவுது" என்று சிரித்தார். ஒப்பந்தக்காரரின் கணக்கை எழுதுபவரும் அவரே. அதற்குத் தனிக் கூலி இல்லை.

தமிழ்நாடு இம்மக்களைப் பட்டினி போட்டது என்று எவரும் சொல்ல முடியாது; சொன்னால் அது பெரும்பழி. 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் அலையலையாக வந்தவர்களுக்கு அரசு கூரை கொடுத்தது, அரிசி கொடுத்தது, மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்தது, பள்ளியிலும் மருத்துவமனையிலும் இடம் கொடுத்தது. 2021-இல் உதவித்தொகை உயர்த்தப்பட்டுக் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் ஆயிற்று. புதிய வீடுகள் கட்டும் திட்டமும் வந்தது. அகதி முகாம் என்ற பெயரே நீங்கி 'மறுவாழ்வு முகாம்' என்ற பெயர் சூட்டப்பட்டது. அந்த ஆண்டில் ஏறத்தாழ 58,000 பேர் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருந்தனர். இவ்வளவும் இருந்தும் அவர்கள் தொழில் செய்யலாமா என்னும் வினாவுக்கு நேரான விடை கிடைக்கவில்லை. சட்டம் தெளிவாகத் தடுக்கவில்லை; தெளிவாக அனுமதிக்கவும் இல்லை. வண்ணம் பூசலாம், மூட்டை தூக்கலாம், கல் உடைக்கலாம். கண்டும் காணாமல் விட்டுவிடுவர். அரசுப் பணி கிடையாது. சான்றும் உரிமமும் கேட்கும் தொழில்களின் கதவு பெரும்பாலும் அடைத்தே கிடக்கும். வெளியூரில் தங்கி வேலை செய்யவேண்டுமாயின் அனுமதி பெற வேண்டும்; தணிக்கை நாளில் ஆள் இல்லையென்றால் உதவித்தொகைக்கு இடையூறு நேரும். நீண்டகால விசா பெற்ற அகதிகள் தனியார் துறையில் பணியாற்றலாம் என்று மைய அரசு 2011-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நெறிமுறை வகுத்தது உண்மையே. ஆனால் குண்டுகளுக்கு அஞ்சி இரவில் படகேறியவர்கள் கடவுச்சீட்டும் விசாவும் எடுத்துக்கொண்டா வந்தார்கள்? 2015 சனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டு, விசா இன்மைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. நல்ல செய்திதான். தண்டிக்க மாட்டோம் என்பது ஒன்று. உழைத்துக்கொள் என்பது வேறொன்று.

ஈண்டு ஒரு வினா எழுகிறது. உண்ண உணவும் உறங்க இடமும் தந்துவிட்டால் அடைக்கலம் முழுமை பெற்றுவிடுமா?

நம் காப்பியங்கள் இதனை எண்ணாமல் விடவில்லை. மதுரைப் புறத்தே மாதரியின் வீட்டில் அடைக்கலம் பெற்ற கோவலன், அந்த அன்பான ஆயர் குடியில் உண்டு உறங்கிக் காலம் கழித்திருக்கலாம். அவனோ சிலம்பை விற்றுக் கைம்முதல் திரட்டி, இழந்த வாணிகத்தை மீண்டும் தொடங்கவே விரும்பினான். அடைக்கலம் பெற்றவனின் முதல் நினைவு தொழில். அவன் கடைத்தெருவில் பட்டது என்ன என்பதும், ஊருக்குப் புதியவன் என்பதனால் அவன் சொல் எவ்வளவு எளிதாக ஏறாமற் போயிற்று என்பதும் நாம் அறிந்தவையே.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை இன்னும் ஆழமானது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. பசித்தவர்க்கு உணவு இடுவதே அவன் தொழில். நாட்டில் மழை பெய்து வளம் பெருகவே, அவனிடம் உண்ண வருவார் இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கப்பல் ஏறினான். மணிபல்லவத்தில் இறங்கியவனை மறந்து கப்பல் போய்விட்டது. ஆளற்ற தீவு. கையில் வற்றாத உணவு. தான் ஒருவன் மட்டும் உண்டு நூறாண்டு வாழ்ந்திருக்கலாம். அவன் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தான். வயிறு நிறைவதற்கு ஒரு குறையும் இல்லாத இடத்தில், செய்தொழில் இல்லாமையால் ஒருவன் இறந்தான் என்றன்றோ இக்கதை கூறுகிறது? நாம் சிறுவயதில் இதைக் கொடையின் பெருமை என்று மட்டும் படித்தோம். முகாமில் பிறந்த இளைஞரோடு பேசிய பின்னர் இது வேறு பொருளும் தருகிறது. வள்ளுவரும் உழவை அடுத்து நல்குரவையும், அதனை அடுத்து இரவையும், அதன்பின் இரவச்சத்தையும் வைத்தார். தொழில் நீங்கினால் மனிதன் எப்படிப் படிப்படியாக இறங்குகிறான் என்பதற்கு அவ்வதிகார வைப்பே போதிய சான்று.

காப்பியம் நிற்க. நாட்டின் அரசமைப்பை எடுத்துக்கொள்வோம். உயிர்வாழும் உரிமையைத் தரும் 21-ஆம் கூறு 'எவரையும்' என்று பேசுகிறது. எங்கும் சென்று குடியேறவும் விரும்பிய தொழில் செய்யவும் உரிமை தரும் 19-ஆம் கூறு 'குடிமக்கள்' என்று பேசுகிறது. உயிர் எல்லார்க்கும், தொழில் குடிமகனுக்கு. 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புக்குரிய வழியைப் பறிப்பது உயிரையே பறிப்பதாகும் என்னும் கருத்துப்பட உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1996-இல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா அகதிகள் வழக்கில், உயிர்க்குரிய காப்பு குடிமக்கள் அல்லாதார்க்கும் உண்டு என்று அதே நீதிமன்றம் அறிவித்தது. பிழைப்பு உயிரில் அடங்கும். உயிர்க்காப்பு அயலார்க்கும் உண்டு. இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் பெறப்படும் முடிவு என்ன? நாம் சட்டம் படித்தவரல்லேம். சட்டம் அறிந்த நண்பரிடம் கேட்டோம்; இரண்டு கூறுகளும் வேறு வேறு, அவ்வளவு எளிதாக முடிச்சுப் போட இயலாது என்றார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆயினும் முடிச்சுப் போட முடியாமற் போவது சட்டத்தின் குறையா, அறத்தின் குறையா என்று நாம் திருப்பிக் கேட்டதற்கு அவர் காப்பியை அருந்தி முடித்தாரே அன்றி விடை கூறவில்லை.

அரசுகளுக்குத் தொழில் அளிக்கத் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. 1964-இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாசுத்திரி உடன்படிக்கையின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய மக்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. நம் கருநாடகத்திலும் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். கூலி குறைவு, வாழ்வு கடினம் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் இறங்கிய இடத்தில் வேலை காத்திருந்தது, அவர்கள் குடிமக்களாக வந்தமையால். மண்டபம் முகாமை நினைத்தால் நமக்கு ஒரு வியப்பு. வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தமிழர்களைச் சோதித்து அனுப்பிய இடம் அது. உழைக்கத் தகுந்த உடம்புதானா என்று பார்த்துத்தான் அனுப்பினர். 1983-க்குப் பின் எதிர்த்திசையில் வந்து இறங்கியோரும் அங்கேதான் சோதிக்கப்பட்டனர். பெயரைக் கேட்டனர், ஊரைக் கேட்டனர். என்ன தொழில் தெரியும் என்பது மட்டும் யாருக்கும் தேவைப்படவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு; அதைத் தள்ளிவிடலாகாது. நம் நாட்டிலேயே வேலையின்றி அலைவோர் எத்தனையோ பேர் இருக்க, வந்தவர்க்கும் வேலை உரிமை தந்தால் உள்ளூர் ஏழை என்ன ஆவான்? உரிமை தந்தால் மேலும் மேலும் வருவார்களே? பணக்கார நாடுகளும் இதே அச்சத்தால் ஆட்டுவிக்கப்படுகின்றன. ஈழத்தமிழர் பெருவாரியாகப் புகலடைந்த மேற்கு செருமனியில் 1987 முதல் புகலிடம் கோரியோர்க்கு ஐந்தாண்டு வேலைத்தடை இருந்தது. 1991-இல்தான் அது நீங்கியது. பிரித்தானியாவில் 2002 வரை ஆறு மாதம் காத்திருந்தால் வேலைக்கு அனுமதி கேட்கலாம் என்றிருந்தது. பின்னர் அது பன்னிரண்டு மாதம் ஆயிற்று, 2010 முதல் ஆள்தட்டுப்பாடு உள்ளவை என்று அரசு பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டும் என்று மேலும் குறுகியது. 2024-இல் தாமே சமைத்துண்ணும் இடங்களில் தங்கியோர்க்கு அந்நாடு தந்த படி, ஆளுக்கு வாரம் ஏறத்தாழ 49 பவுன். ஆத்திரேலியாவில் 2012 ஆகத்துக்குப் பின் படகில் வந்தவர்கள், காவலினின்று வெளிவிடப்பட்ட பின்னும் வேலை செய்யும் உரிமையின்றி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அவர்களுள் நம் தமிழரும் இருந்தனர். இச்சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றின் உறவினரே அந்நாடுகளில் அவ்வாறு காத்துக் கிடந்தவர்கள் என்பதால் இதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அவர்களுள் எவரேனும் அக்காலத்தில் உழைக்காமல் இருந்தனரா? பின்வாசல் வழியே உணவகத்துள் நுழைந்து, நள்ளிரவு வரை தட்டுக் கழுவி, கேட்ட கூலியில் பாதி பெற்று வந்தனர்.

உண்மை அங்கேதான் இருக்கிறது. தடை உழைப்பை நிறுத்துவதில்லை. உழைப்பின் விலையை இறக்குகிறது. முறையிட வழியில்லாதவனைக் குறைந்த கூலிக்கு அமர்த்தலாம் என்று முதலாளி கண்டுகொண்டால், முறையிடத் தெரிந்த உள்ளூர்த் தொழிலாளிக்கு வேலை போய்விடும். உள்ளூர் ஏழையைக் காப்பதற்கென்று போடப்பட்ட வேலி அவனையே குத்துகிறது. இருவர்க்கும் ஒரே கூலி, ஒரே சட்டம் என்றால்தான் அவனுக்கும் பாதுகாப்பு. மேலும் மேலும் வருவார்களே என்பதற்கோ, வீடு எரியும்போது ஓடுகிறவன் அடுத்த ஊரின் கூலி விகிதம் என்ன என்று விசாரித்துவிட்டு ஓடுவதில்லை என்பதே நம் விடை. சிலர் விசாரிக்கவும் கூடும். அவர்களுக்காக மற்றவர் எல்லாருடைய கையையும் கட்டுவது முறையாகாது.

இவ்வளவு எழுதுகின்ற நாம் செய்தது என்ன என்பதையும் எழுதத்தான் வேண்டும். வேலை தொடங்கிய மூன்றாம் நாள், ஒப்பந்தக்காரர் மற்ற நால்வர்க்கும் தரும் கூலியில் முக்கால் பங்கே அவ்விளைஞருக்குத் தருகிறார் என்பது நமக்குத் தெரியவந்தது. கேட்டதற்கு, "முகாம்காரங்களுக்கு அதுதான் ரேட்" என்றார் அவர், உப்புக்கும் புளிக்கும் விலை சொல்வதுபோல. நாம் பேசாமல் இருந்துவிட்டோம். திருமணச் செலவு தலைக்கு மேல் இருந்தது. முதலில் பேசிய தொகையும் நமக்கு மலிவாகவே இருந்தது. அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்பது அதன்பின் மறைவான செய்தி அன்று.

நாமும் பிழைப்பு நாடி வந்தவர்களின் வழிவந்தோரே. நம் முன்னோர் இம்மாநிலத்துக்கு வந்தபோது எவரிடமும் பணி அனுமதி கேட்டதில்லை. கோலார்ச் சுரங்கத்தில் இறங்கியவர், இருப்புப்பாதை போட்டவர், ஆலையில் நின்றவர், கடை வைத்தவர் என எல்லாரும் பெட்டியும் படுக்கையுமாக வந்து மறுநாளே வேலைக்குப் போனவர்கள். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி எழுந்த வன்முறையில், பெங்களூரிலிருந்தும் மைசூர்ப் பகுதிச் சிற்றூர்களிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் எல்லை கடந்து தமிழ்நாட்டுக்கு ஓடின. சில வாரம் அவர்களும் அகதிகள். அந்நாளில் உறவினர் வீட்டுத் திண்ணையில் இருந்தபோது தம்மை உறுத்தியது பசி அன்று, 'எப்போது வேலைக்குத் திரும்புவீர்கள்' என்ற கேள்விக்கு விடை இல்லாமைதான் என்று மூத்த அன்பர் ஒருவர் நம்மிடம் கூறியதுண்டு. அவர் சில வாரங்களில் திரும்பினார். கன்னடம் பேசும் அண்டை வீட்டாரே அவர் கடைச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தனர். இளைஞரின் பெற்றோர் திண்ணையில் அமர்ந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

வேலை முடிந்த நாள் பிற்பகல், மற்றவர்கள் சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தனர். அவ்விளைஞர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஓர் உதவி வேண்டும் என்றார். ஒரு நிறுவனத்தில் கட்டட மேற்பார்வைக்கு ஆள் எடுக்கிறார்களாம். முன் அனுபவத்துக்குச் சான்று கேட்கிறார்களாம். ஒன்பது ஆண்டுகள் உழைத்தும் அவர் உழைத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஒப்பந்தக்காரர் எதிலும் கையெழுத்திட மாட்டார்.

நாம் மகிழ்வோடு ஒப்புக்கொண்டோம். மைசூரில் உள்ள நம் இல்லத்தில், இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இவர் வண்ணப் பணி செய்தார், கணக்கும் எழுதினார், நேர்மையும் திறமையும் உடையவர் என்று ஒரு முழுப்பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். அவர் நின்றபடியே இருமுறை படித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "ஐயா, ஊர்ப் பேரும் திகதியும் வேண்டாம்" என்றார். தாய் தந்தையரிடமிருந்து வந்த சொல்; திகதி என்றே சொன்னார். உறவினர் வீட்டுக்குப் போய் வருவதாகச் சொல்லித்தான் முகாமில் அந்நாள்களுக்கு அனுமதி பெற்றிருக்கிறார். அத்தாள் யார் கையிலாவது சிக்கினால் வம்பு.

வேறொரு தாள் எடுத்தோம். ஊரும் நாளும் இல்லாமல் எழுதியபோது அது நான்கு வரியில் முடிந்துவிட்டது. இருட்டுமுன் திம்பம் மலையைக் கடக்கும் பேருந்தைப் பிடிக்கவேண்டும் என்று அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.